தேன் குடித்த பாலம்

பாலத்தின் நடுவில் வைத்து எனக்குத் துண்டு போட்டார்கள். பச்சைக் கரை வைத்த வெள்ளைத் துண்டு. கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. அதற்கு மேல் ஒரு சாமந்தி மாலை. இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ஆட்கள் நின்று கைதட்டினார்கள். கீழே ஓடை இரைந்ததில் கைதட்டல் பாதிதான் கேட்டது. பாதி கேட்டாலும் எனக்குப் போதும், மீதியை நானே நிரப்பிக்கொள்வேன்.

கும்பிடக் கையைத் தூக்கியபோது கட்டைவிரலில் ஓர் எறும்பு ஊர்ந்தது. தட்டிவிட்டேன்.

அந்த எறும்பைத் தட்டிவிட்டதுதான் என் தொழிலில் நான் செய்த பெரிய முட்டாள்தனம். அடுத்த எறும்பைத் தட்டிவிடாமல் உற்றுப் பார்த்ததுதான் பெரிய புத்திசாலித்தனம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தம்ளர் காப்பி குடிக்கிற நேரம்கூட இல்லை.

பசை தடவிய பதினோரு வருடம்

இந்தத் தொடருக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்காகச் சொல்கிறேன், பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நான் சிவலிங்கம். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஏழு வயதில் கப்பலில் வந்து, கொடைக்கானல் மேல்மலையில் இறக்கிவிடப்பட்டவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. கூக்கால் கிராமத்தில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கினேன். மீசை முளைத்ததும் திருச்சிப் பக்கம் ஒரு பட்டறைக்குக் கையாளாகப் போனேன். பெரிய பெரிய இரும்புத் தொட்டிகளை வெல்டிங் வைத்துச் செய்கிற இடம்.

அங்கே எனக்குச் சோலி ஒன்றே ஒன்றுதான். வெல்டிங் வைத்த இடத்தைத் துடைத்து, அதன்மேல் கஞ்சி மாதிரி ஒரு பசையைத் தடவ வேண்டும். சோதனை பார்க்கிற ஐயா வந்து, தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை அந்தப் பசைமேல் வைத்து நகர்த்துவார். அதிலிருந்து இரும்புக்குள் சத்தம் போகும். நம் காதுக்குக் கேட்காத சத்தம். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் அதில் முட்டித் திரும்பி வரும், திரையில் ஒரு பச்சைக் கோடு எழும்பும். கோடு எங்கே எழும்புகிறது என்பதை வைத்து, விரிசல் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வெட்ட வேண்டாம், உடைக்க வேண்டாம்.

பதினோரு வருடம் பசை தடவினேன். படித்தவர்கள் திரையைப் பார்த்தார்கள். நான் அவர்கள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன்.

ஒருநாள் ஓர் ஐயா ஒரு வெல்டிங் தையலை "சரி" என்று எழுதிவிட்டு நகர்ந்தார். நான் "ஐயா, உள்ள கெடக்கு" என்றேன். பட்டறையே சிரித்தது. மேலாளர் மட்டும் சிரிக்காமல், அறுத்துப் பாருங்கள் என்றார். அறுத்தார்கள். தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் உள்ளே படுத்திருந்தது. அன்றைக்கு நிறுத்திய சிரிப்பை யாரும் என்னிடம் மறுபடி சிரிக்கவில்லை.

பரீட்சை எழுதப் போனேன். கேள்வி எல்லாம் ஆங்கிலத்தில். எழுத்தில் இரண்டு தடவை தோற்றேன், செய்முறையில் இரண்டு தடவையும் முதல் ஆள் நான். மூன்றாம் தடவை, பழைய கேள்வித்தாள்களின் முகத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஜெயித்தேன். இன்று சான்றிதழ் வைத்திருக்கும் எட்டுப் பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். பெருமை பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். பேசத்தான் செய்கிறேன். சும்மா வைத்திருந்து என்ன செய்ய?

சரி, பாலத்துக்கு வருகிறேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம்

நாலைந்து வருடம் இருக்கும். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கிய நேரம். பாச்சலூருக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்திலிருந்து தங்கவேல் போன் செய்தார். அந்த ஊராட்சியின் துணைத் தலைவர். எனக்கு அவரிடம் காப்பிக்கொட்டை வாங்கிய பழக்கம் உண்டு.

"அண்ணே, வெள்ளத்துல ஒரு பாறை உருண்டு வந்து நம்ம ஓடைப் பாலத்துல மோதிருச்சு. மேல குறுக்க ஒரு கீறல் விழுந்து கெடக்கு. ரெண்டு நாள்ல இஞ்சினியர் வர்றாரு. கீறலைக் கண்டா பாலத்தை அடைச்சிருவாரு. நீங்க ஒரு தடவ பெட்டிய வச்சுப் பாத்துச் சொன்னீங்கன்னா தைரியமாப் பேசலாம்."

"அடைச்சா என்ன, பாலம்தானே?"

"அந்தப் பக்கம் நாப்பது வீடு இருக்குண்ணே. ஜீப்பு போக வேற வழி இல்ல."

சோதனைப் பெட்டியைக் காரில் வைத்துத் தாண்டிக்குடி வழியாக இறங்கினேன். வழி முழுக்க நனைந்த காப்பிச் செடியும் மிளகுக் கொடியும். சாலையில் அங்கங்கே மண் சரிந்து, ஈர மண் வாசனை கண்ணாடி இறக்காமலே உள்ளே வந்தது. போய்ச் சேரும்போது மாலை ஆகிவிட்டது.

பாலம் சின்னதுதான். ஒரு ஜீப் போகிற அகலம். மேல் தளத்தில் குறுக்காக, இந்தக் கைப்பிடிச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை விரிசல். ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் விளிம்பு சிரமப்பட்டு நுழையும். கீழே இறங்கிப் பார்க்கலாம் என்றால் ஓடை இடுப்பளவுக்கு ஓடியது.

அந்தக் கரையில் கூட்டம் நின்றது. அதில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் என் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, நேராக வந்து கேட்டாள்:

"அண்ணே, நீங்க எந்தத் தோட்டம்?"

எங்கள் ஆட்கள் ஊர் கேட்பதில்லை, இன்றைக்கும் தோட்டம்தான் கேட்போம். சொன்னேன். "எங்க அம்மா பக்கத்து டிவிசன்" என்றாள். பெயர் அஞ்சலை. அந்த நாற்பது வீடும் எங்களைப் போலக் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள். இந்தக் கரைக்காரர்களின் காப்பித் தோட்டங்களில் வேலை.

அவள் பின்னால் நிறைமாத வயிற்றோடு அவள் மகள் நின்றாள். பவித்ரா, பி.காம். முடித்தவள்.

"இவளுக்கு நாள் நெருங்கிருச்சு. ஏற்கெனவே ரத்தம் கம்மின்னு நர்சம்மா சொல்லிருக்கு. வலி எடுத்தா வீட்டு வாசலுக்கு ஜீப்பு வரணும். நீங்க நல்ல வார்த்தை சொல்லணும்ணே" என்றாள் அஞ்சலை.

"வார்த்தை நான் சொல்ல மாட்டேன் தங்கச்சி, பெட்டி சொல்லும்" என்றேன். கம்பீரமாகத்தான் சொன்னேன்.

மறந்துபோன ஜெல்

பெட்டியைத் திறந்தால் ஜெல் குப்பி இல்லை. கொடைக்கானலில், சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்துவைத்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை.

"என்ன அங்கிள் தேடுறீங்க?" என்றாள் பவித்ரா.

"தடவுற ஜெல் ஒண்ணு. அது இல்லாம சத்தம் உள்ள போகாது."

"எனக்கு ஸ்கேன் பண்ணும்போது வயித்துல சில்லுனு தடவுவாங்களே, அதா?"

"அதேதான். அங்க பிள்ளையப் பாக்குறாங்க, இங்க விரிசலைப் பாக்குறோம். ரெண்டும் ஒரே சத்தம்தான்."

தங்கவேல் கிரீஸ் வாங்க ஆள் அனுப்பட்டுமா என்றார். எனக்குள் இருந்த வித்தைக்காரன் முழித்துக்கொண்டான். "கிரீஸ் எதுக்கு? கொழகொழன்னு எது இருந்தாலும் எனக்குப் போதும். தேன் இருந்தாக் கொண்டாங்க" என்றேன்.

அஞ்சலை வீட்டிலிருந்து வந்தது. மலைத்தேன், கறுப்பு நிறம், மூடியைத் திறந்ததும் காப்பிப்பூ வாசம். மகளின் பேறுகால லேகியத்துக்காகப் பாட்டில் பாட்டிலாகச் சேர்த்து வைத்திருந்தாளாம்.

நான் செய்த பிரசங்கம்

கைப்பிடிச் சுவரில் செய்து காட்டினேன். கான்கிரீட்டுக்கு இரண்டு உருளை, ஒவ்வொன்றும் டார்ச் லைட் அளவு. ஒன்று சத்தத்தை அனுப்பும், இன்னொன்று வாங்கும். அனுப்பி வாங்க எவ்வளவு நேரம் என்று பெட்டியில் எண் வரும். வெறுமனே வைத்தேன், எண் பேய் பிடித்த மாதிரி ஆடியது. தேன் தொட்டு வைத்தேன், அசையாமல் நின்றது. கூட்டம் "அட" என்றது.

அந்த "அட" இருக்கிறதே, அது எனக்குக் கள் மாதிரி.

"காத்து இருந்தா இந்தச் சத்தம் நின்னு போகும். தேன் இருந்தா ஓடிரும்" என்று ஆரம்பித்தேன். "இப்ப விரிசல் இருக்கு, அதுக்குள்ள காத்து. சத்தம் நேராத் தாண்ட முடியாது. விரிசலோட அடிவரைக்கும் இறங்கி, சுத்தி, அந்தப் பக்கம் ஏறி வரணும். நேரம் பிடிக்கும். எவ்வளவு கூடுதல் நேரமோ அவ்வளவு ஆழம். உங்களுக்குத் தெரியாததா? பாலம் இருந்தா எட்டு எட்டுல அக்கரை. பாலம் இல்லாட்டி ஓடைக்குள்ள இறங்கித்தான ஏறணும்?"

"அப்ப விரிசலுக்குள்ள பாலம் போட்டா சத்தம் ஏமாந்துரும்" என்றார் ஜீப் ஓட்டும் ஆரோக்கியம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அஞ்சலை சிரித்தாளா என்று கவனிக்கவில்லை.

அதற்குள் தூறல் விழுந்தது. விரிசலில் தண்ணீர் நிறைந்தாலும் இதே ஏமாற்று நடக்கும் என்பது எனக்கு அத்துப்படி. ஜீப்பின் தார்ப்பாயை எடுத்து விரிசல் நெடுக விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, "காலையில காஞ்சதும் பாப்போம், யாரும் தொடக் கூடாது" என்றேன். அன்று தங்கவேல் வீட்டில் தங்கினேன். ரோட்டோரம் வீடு. ஓர் அறையை ஒழித்துக் கட்டில் போட்டு, நல்ல கம்பளி கொடுத்தார்கள்.

தார்ப்பாய்க்கு அடியில்

காலையில் வெயில் பளீரென்று அடித்தது. தார்ப்பாயை உருவினேன். அடியில் காய்ந்திருந்தது. கொஞ்சம் பிசுபிசுப்பு தெரிந்தது. நேற்று நான் சிந்திய தேன் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று நான் தேன் தொட்டதோ கைப்பிடிச் சுவரில். சிந்தியிருந்தால் சுவரோரம்தானே சிந்தியிருக்க வேண்டும்? இது இப்போது கேட்கிற கேள்வி.

விரிசலுக்கு இரண்டு பக்கமும் சம தூரத்தில், தேன் தொட்டு உருளைகளை வைத்தேன். எண் வந்தது. விரிசலே இல்லாத இடத்தில் என்ன வந்ததோ அதே எண். விரிசலோரமாகவே தள்ளி வைத்தேன், அதே எண். மூன்று இடம் பார்த்தேன். மூன்றும் ஒரே பேச்சுப் பேசின.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தோல் விரிசல்தான்யா. மேல் பூச்சு கீறிருக்கு, உள்ள கல்லு மாதிரி இருக்கு" என்று உரக்கச் சொன்னேன்.

அப்போதுதான் துண்டு, மாலை, கைதட்டல். அந்த முதல் எறும்பு.

எறும்புச் சாரை

ஆரோக்கியம் ஜீப்பைக் கிளப்பினார். அந்தக் கரைக்குப் போய்ப் பவித்ராவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருவதாகப் பேச்சு. தங்கவேலின் மனைவி சரசு பாலத்தின் முனைக்கே காப்பி கொண்டுவந்தார். நான் மாலையைக் கழற்றாமல், மண்டியிட்டு உருளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணெதிரே இரண்டாவது எறும்பு. அதற்குப் பின்னால் மூன்றாவது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். விரிசல் நெடுக, நான் உருளை வைக்காத இடத்திலெல்லாம், ஒரு சிவப்பு நூல் அசைந்தது. எறும்புகள் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட அதே பக்கமாகத் திரும்பி வரவில்லை.

குனிந்து முகர்ந்தேன். காப்பிப்பூ வாசம்.

பின்னால் ஜீப் பாலத்து முனைக்கு வந்து ஹாரன் அடித்தது. மாலையோடு எழுந்து, இரண்டு கையையும் விரித்து நடுவில் நின்றேன்.

"ஏலே, நிறுத்து. சக்கரத்தை வைக்காத."

"என்னண்ணே, இன்னொரு மாலை வேணுமா?" என்றார் ஆரோக்கியம். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு வடிந்திருந்தது. பாலத்தின் அடியில் போய் அண்ணாந்து பார்த்தேன். அடிப்பக்கமும் அதே கோடு. அந்தக் கோட்டில் தலைகீழாக எறும்புகள். மேலே இறங்கியவை எல்லாம் இங்கே வெளியே வந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு சொட்டு, தேன் நிறத்தில், தொங்கிக்கொண்டு விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. பிறகு என் நெற்றியில் விழுந்தது.

விரிசல் மேலிருந்து அடிவரை முழுசாக வெட்டியிருந்தது. உள்ளே கிடக்கும் கம்பி மட்டும்தான் பாலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருட அனுபவமும் பெட்டியும் சொல்லாததை எறும்பு சொல்லிவிட்டது.

மூன்று பாட்டில்

மேலே ஏறி வந்தேன். சுவரோரம், தேன் எட்டாத ஒரு சாண் இடத்தில் உருளைகளை வைத்தேன். எண் எகிறியது. இனிச் சந்தேகம் இல்லை.

"நான் சொன்னது தப்பு. பாலம் முழுசா வெட்டியிருக்கு. ஜீப்பு போகக் கூடாது. ஆள் நடக்கலாம், அதுவும் ஒவ்வொருத்தரா" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தங்கவேல் முகம் சுருங்கியது. "என்னண்ணே, மாலை வாடுறதுக்குள்ள மாத்துறீங்க?"

"விரிசலுக்குள்ள தேன் இருக்கு தங்கவேலு. யாரோ ஊத்திருக்காங்க."

பவித்ரா மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"நான்தாண்ணே" என்றாள் அஞ்சலை. "வெள்ளனே வந்து தார்ப்பாயத் தூக்கி ஊத்துனேன். நீங்கதான சொன்னீங்க, தேன் இருந்தா சத்தம் ஓடிரும்னு? பாலத்தை அடைச்சிட்டா இவளை எப்படிண்ணே கொண்டு போவேன்? இந்தப் பாலம் வர்றதுக்கு முந்தி பக்கத்து வீட்டுப் பெரியவரக் கட்டில்ல தூக்கிக்கிட்டு ஓடையில எறங்குனோம். ஏறும்போது உசுரு இல்ல."

"எவ்வளவு ஊத்துன?"

"ஊத்த ஊத்தக் குடிச்சிருச்சுண்ணே. மூணு பாட்டில். வாய்வரைக்கும் நிரம்பட்டும், நிறுத்தலாம்னு பாத்தேன், நிரம்பவே இல்ல."

மூன்று பாட்டில். மேல் பூச்சு கீறிய விரிசல் ஒரு மேசைக்கரண்டிகூடக் குடிக்காது. இந்த ஒரு கேள்வியை நான் காலையிலேயே யாரிடமாவது கேட்டிருந்தால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

"ஏம்மா, அந்த ஜீப்புல நான்தானம்மா ஏறப் போனேன்" என்றாள் பவித்ரா. அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அஞ்சலை அப்படியே பாலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆரோக்கியம் அவளைத் திட்ட வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பெட்டியை ஏமாற்றியது அவள் இல்லை. நேற்றுச் சாயங்காலம் கைப்பிடிச் சுவரில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிய ஒரு வாய். அது யாருடைய வாய் என்று ஊருக்கே தெரியும்.

நான் படுத்த அறை

இப்போது கேள்வி ஒன்றுதான் மிச்சம். ஜீப் அந்தப் பக்கம் போகாது என்றால், அந்தப் பெண் இந்தப் பக்கம் வர வேண்டும். வலி எடுத்த பிறகு அல்ல, இன்றைக்கே. வந்தால் எங்கே இருப்பாள்?

"தங்கவேலு, நேத்து நான் படுத்த அறை சும்மாதானே இருக்கு? கதவைத் திறந்தா ஜீப்பு" என்றேன்.

தங்கவேல் துண்டை எடுத்து வேர்க்காத கழுத்தைத் துடைத்தார்.

அஞ்சலை எழுந்து நின்றாள். "வேணாம்ணே. இத்தன வருசமா இவுக காப்பிக்காட்டுல பழம் பறிக்கிறோம். கொல்லைப்பக்கம் வந்து நிப்போம், போவோம். வாசல் தாண்டுனதில்ல. இப்ப என்னத்துக்கு?"

"நானும் லயத்துல பொறந்தவன்தான் தங்கச்சி. என்னை முன்வாசல் வழியாத்தான் கூட்டிட்டுப் போனாரு. என்ன தங்கவேலு, நேத்து ஆள் தெரியாம ஏமாந்துட்டியா?"

அவர் தரையைப் பார்த்தார். காப்பித் தம்ளரோடு நின்ற சரசுதான் பேசினார். என்னிடம் பேசவில்லை, பவித்ராவிடம்.

"அந்தக் கம்பளியை வெயில்ல போட்டிருக்கேன். மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும். வெந்நி போட்டு வைக்கிறேன், நடந்து வா தாயி. உங்க அம்மாவும் கூட வரட்டும், நான் ஒருத்தியா எத்தனை பேரைப் பாக்க?"

தங்கவேல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பாத்து வரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பவித்ரா நடந்தாள். ஓர் ஆள் பாரத்துக்கு அந்தப் பாலம் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கீழே இறங்கி, தண்ணீரில் நின்று, அந்த விரிசலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். என் தலைக்கு மேல் அவள் காலடி வந்து நின்றது.

"அங்கிள், கீழ இருக்கீங்களா? சத்தம் ஒழுங்காப் போகுதா?"

"போகுது போகுது. நீ வெரசாப் போம்மா."

"வெரசால்லாம் போக முடியாது. ரெண்டு ஆள் பாரம்."

இரண்டு கரையும் சிரித்தது. கையெல்லாம் எறும்பு கடிக்க, அவள் இந்தக் கரை தொடும்வரை நான் கையை எடுக்கவில்லை.

இஞ்சினியர் வந்து, நான் எழுதிக் கொடுத்ததைப் படித்து, பாலத்தின் அடியில் போய்ப் பார்த்து, அடைத்துவிட்டார். புதுப் பாலம் வர ஒன்றரை வருடம் ஆனது. அதைச் சோதித்ததும் நான்தான். பெட்டியை வைக்கும் முன் குனிந்து முகர்ந்து பார்த்தேன். இன்றும் எந்த விரிசலிலும் முதலில் அதைத்தான் செய்கிறேன். எட்டுச் சான்றிதழ்க்காரர்களும் பின்னால் நின்று சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

பவித்ரா சரசுவின் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். கொடைக்கானலில் பனி இறங்கிய ஒரு காலையில் போன் அடித்தது. அஞ்சலை.

"அண்ணே, பேத்தி பொறந்திருக்கா. வலி எடுத்ததும் தங்கவேலு ஐயாதான் ஜீப்புல முன்னாடி உக்காந்து வந்தாரு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. ரெண்டு கிலோ எண்ணூறு."

"நல்ல எடைதான்" என்றேன்.

"ஆஸ்பத்திரித் தராசுல போட்டதுண்ணே. உங்க பெட்டி இல்ல. அதனால நம்பலாம்."